சுட்டியின் நுழைவும் வெளியேற்றமும் கண்டறிதல்

சுட்டியின் நுழைவும் வெளியேற்றமும் கண்டறிதல் என்பது, இடஞ்சுட்டி ஒரு பொத்தானின் அல்லது சாளரப் பகுதியின் எல்லைக்குள் வந்ததையும் அதைவிட்டு நீங்கியதையும் கணினிச் செயலி அறிந்துகொள்ளும் முறையாகும். படவுருவின்மேல் சுட்டியை நிறுத்தியதும் அதன் பெயர் சிறு குறிப்பாகத் தோன்றுவது இதனால்தான்.

தோற்றம்

டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் கருத்தின்படி, பில் இங்கிலீஷ் 1964-இல் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் முதல் சுட்டியைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. 1973-இல் உருவான செராக்ஸ் ஆல்ட்டோ கணினி சுட்டியோடு சாளரங்களுக்கும் வழிவகுத்தது.

சிக்கல்

சுட்டியின் நகர்வு தொடர்கோடாக அன்றி, அடுத்தடுத்த புள்ளிகளாகவே கணினியை அடைகிறது. கையை வேகமாக இழுத்தால் பொத்தானின் ஓரம் எந்தப் புள்ளியிலும் படாமல் போகலாம். இடஞ்சுட்டி வெளியேறிய பின் நகர்வுச் செய்திகள் அடுத்த சாளரத்துக்குச் செல்வதால், பழைய சாளரம் அதை அறியாது. பொத்தான் ஒளிர்ந்தபடியே நின்றுவிடும்.

தீர்வுகள்

1984-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய எக்ஸ் சாளர முறைமையின் பதினோராம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. அதில் எல்லையைக் கவனிக்கும் பொறுப்பை வழங்கியே ஏற்று, நுழைவையும் வெளியேற்றத்தையும் தனித்தனி நிகழ்வுகளாகச் செயலிக்குத் தெரிவிக்கிறது. விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்பில், வெளியேறும்போது அறிவிக்கும்படி செயலி கேட்டுக்கொள்ளும் வசதி வந்தது. ஒருமுறை அறிவித்ததும் மீண்டும் கேட்க வேண்டும். மேக் கணினிகளில் சாளரப் பகுதியின் அளவு மாறினால் கண்காணிப்புச் செவ்வகத்தை நிரலாளரே நீக்கி மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. 2007-இல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.5 பதிப்பின் கண்காணிப்புப் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் வசதியைத் தந்தது.

தமிழ்நாட்டில்

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களையும் சென்றடைந்தது. ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவருக்குப் படவுருவின் பயனைச் சொல்வது சுட்டிக்குறிப்பே. அதைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் தோன்றி, உரிய நேரத்தில் மறையவும் வேண்டும். மறையாத குறிப்பு அடியில் உள்ளதை மூடிவிடும்.

தொடுதிரையில் விரல் பட்டாலே கட்டளை நிறைவேறிவிடும். தொடாமல் மேலே நிற்கும் நிலையைப் பெரும்பாலான திரைகள் அறிவதில்லை. ஆகவே கைப்பேசிச் செயலிகளில் படவுருவின் பெயரை அதன் அருகிலேயே எழுதிக் காட்டுவது தேவையாகிறது.