மாதிரிச் சரக்கு வண்டியின் பாரம்

மெய்யான ரயில்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்யும் மாதிரி ரயில் கலையில், திறந்த வண்டிகளுக்கான சரக்குப் பாரங்களை உருவாக்குவது இன்று தனித்ததொரு கைத்திறனாக வளர்ந்திருந்தாலும், அமெரிக்காவில் அக்கலையின் தொடக்கத்திலேயே சரக்குக்கு இடம் இருந்தது. நியூயார்க்கில் 1900இல் லயனல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோஷுவா லயனல் கவன் முதலில் செய்தளித்தது, கடைகளின் கண்ணாடிச் சாளரத்துக்குள் விற்பனைப் பொருள்களைச் சுமந்து மின்விசையில் சுற்றிவரும் திறந்த மரவண்டி. வாடிக்கையாளர்கள் அவ்வண்டியையே விலைக்குக் கேட்கத் தொடங்கியதால் அது விளையாட்டுப் பொருளாயிற்று.

லயனலின் பிற்காலப் பாரங்கள் பெரும்பாலும் அசைந்து காட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. 1938இல் செயற்கைக் கரித்துண்டுகளை மேலேற்றிக் கொட்டும் நிலையமும், 1947இல் வெள்ளுடை அணிந்த சிற்றுருவம் பால்கேன்களை மேடைக்குத் தள்ளும் வண்டியும் வெளிவந்தன. தள்ளப்படும் கேன்கள் சாயாமல் நிற்க அவற்றின் அடியில் காந்தம் வைக்கப்பட்டிருந்தது. அளவுப் பொருத்தம் அங்கே இரண்டாம்பட்சமே.

அக்கறை வேறு திசைக்குத் திரும்பியது, 1934இல் மில்வாக்கியில் 'மாடல் ரெயில்ரோடர்' இதழும் மறு ஆண்டில் தேசிய மாதிரி ரயில் சங்கமும் தோன்றிய காலத்தில். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் எல்லிசன் 1944இல் அவ்விதழில் எழுதிய தொடரில், மாதிரி ரயில் தளத்தை நாடக மேடையாகவும் ரயில்களை நடிகர்களாகவும் கண்டார். 1961இல் டக் ஸ்மித் விளக்கிய முறையில், எந்த வண்டி எச்சரக்கை எங்கே சேர்க்க வேண்டும் என்று கூறும் சரக்குச் சீட்டு ஒவ்வொரு வண்டியோடும் சென்றது. போய்ச்சேரும் இடம் ஒன்று வண்டிக்கு வாய்த்தபின், அது வெறுமையாகத் திரும்புவதும் நிறைந்து வருவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டியதாயிற்று. பாரத்தை எடுத்து மாற்றும் வழக்கத்தின் பெருமதிப்பு இங்கேதான் இருக்கிறது.

நிலக்கரிப் பாரம் இதற்கு நல்ல சான்று. வண்டியின் உள்ளளவுக்கு வெட்டிய பால்ஸா மரத்துண்டுக்குக் கருப்பு வண்ணம் பூசி, அதன்மேல் பொடித்துச் சலித்த உண்மையான கரியைப் பரப்பி, நீர்த்த வெள்ளைப் பசையில் ஒரு துளி பாத்திரச் சோப்பு கலந்து சொட்டுவிட, சோப்பின் உதவியால் பசை துகள்களைக் கலைக்காமல் உள்ளிறங்குகிறது. ஹெச்ஓ எனப்படும் 1:87 விகிதத்தில் 10 செ.மீ. கரிக்கட்டி ஏறத்தாழ 1 மி.மீ. துகளாகச் சுருங்குவதால் சலிப்பதில் கவனம் தேவை. அடியில் ஒட்டிய இரும்பு வாஷர், காந்தத்தால் பாரத்தைத் தூக்கியெடுக்க உதவுகிறது. வடிவத்திலும் வரலாறு உண்டு: பழைய சுரங்கங்களின் சரிவுக் குழாய்கள் வண்டியில் பல குவியல்களை விட்டுச்சென்றன, பிற்காலத்தில், ஊர்ந்து செல்லும் வண்டிகளில் இடைவிடாமல் கொட்டும் கோபுரங்கள் மேற்புறத்தை ஒரே சீராக்கின. கரியைவிட மிகவும் கனமான இரும்புத்தாதுவோ, எடை வரம்பு முதலில் எட்டப்படுவதால், நீண்ட வண்டியின் விளிம்புவரை நிரம்புவதில்லை. மாதிரியில் அதை விளிம்புவரை குவிப்பது பிழை.

எடை மாதிரி வண்டிக்கும் தீராத சிக்கல். சங்கத்தின் பரிந்துரைப்படி 6 அங்குல ஹெச்ஓ வண்டி 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம், இருக்க வேண்டும். எடைத்துண்டைப் பாரத்துக்குள் ஒளித்தால், பாரத்தை எடுத்தபின் வண்டி லேசாகித் தடம்புரளக்கூடும். ஆகவே சிலர் பாரத்தைத் தொடாமலே சரக்கு நகர்வைக் காட்டும் அமைப்பை மேற்கொண்டனர். பின்புலத் திரையின் ஒருபுறம் சுரங்கத்தையும் மறுபுறம் மின்நிலையத்தையும் வைத்து, இரண்டையும் திரையின் ஊடே செல்லும் தண்டவாளங்களால் இணைத்தால், மின்நிலையத்துக்குள் தள்ளப்படும் நிறைவண்டிகள் சுரங்கத்திலிருந்து புறப்படக் காத்திருக்கும். சுரங்கத்துக்குள் தள்ளப்படும் வெற்று வண்டிகள் மின்நிலையத்தின் வழியே வெளிவரும்.