குறியிடமும் உண்டிச்சாலையும்

மாலைப் பொழுதில் அன்புடைய இருவர் நகரத்து உணவகம் ஒன்றைத் தேர்ந்து, ஆங்கு ஒருங்கிருந்து உண்டு உரையாடி மீளும் வழக்கம் இன்று தமிழகத்து நகரங்கள் பலவற்றிற் காணப்படுவதாகும். தூத்துக்குடி மாநகரத்து மில்லர்புரம் போன்ற குடியிருப்புகளில் வாழும் இளையோரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். இவ் வழக்கம் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்து புகுந்தது என்று கூறி அமைவார் பலர். உணவகம் என்னும் நிலையத்தைப் பொறுத்தவரை அக் கூற்று ஓரளவு பொருந்தும். ஆயின், இருவர் கூடுதற்குரிய இடத்தை எவ்வாறு தெரிவது, அதனைத் தெரியும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாக்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. அவற்றை இலக்கணத்தின் பொருளாகவே கொண்டு ஆராய்ந்தவர் நம் முன்னோர். அவ் ஆராய்ச்சியை முத்துக்குளித் துறையின் வரலாற்றோடு இயைத்து நோக்குவது இக் கட்டுரையின் கருத்தாகும்.

தொல்காப்பியர் களவியலிற் குறி இரண்டென வகுத்தார். ஒன்று பகற்குறி, மற்றொன்று இரவுக்குறி. பகலிற் கூடும் களம் ஊர்க்குப் புறத்தது; அது தலைவி நன்கறிந்து, தானே வந்து சேரத் தக்க இடமாதல் வேண்டும். இரவிற் கூடும் களமோ மனையின் எல்லைக்குள்ளேயே, ஆனால் உள்வீட்டிற்குப் புறம்பாக அமைவது. அங்கு நின்றால் மனையிலுள்ளார் பேசும் குரல் செவிப்பட வேண்டும் என்பது அவர் விதித்த வரையறை. இவ் வரையறை ஊன்றி நோக்கத்தக்கது. காதலர் விரும்புவது ஆளரவமற்ற தனிமை என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். இலக்கண நூலார் கருத்து அஃதன்று. தனிமையும் வேண்டும், மக்கள் குரல் கேட்கும் அண்மையும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கு வாய்ப்பதே இரவிற்கு ஏற்ற இடம்.

இதனினும் சிறந்த செய்தி ஒன்று அவ்வியலிலேயே உளது. களஞ்சுட்டு கிளவி, அஃதாவது ‘இன்ன இடத்து வருக’ என்று இடத்தைச் சுட்டிக் கூறும் கூற்று, தலைவிக்கே உரியது என்கிறார் தொல்காப்பியர். அதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, அவ்விடம் அவள் செல்லுதற்கு உரிய இடமாக இருத்தல் வேண்டும் என்பது. தோழி இடஞ்சுட்டுதலும் உண்டு. அதுவும் தலைவியின் சார்பில் நிகழ்வதே. தலைவன் விரும்பிய இடம் என்னும் பேச்சு அங்கு இல்லை. இதனைப் பெண்மைக்கு அளித்த மதிப்பு என்று புகழ்ந்துரைத்து மேற்செல்வது எளிது. எனினும், நூற்பா கூறுவது புகழ்ச்சியன்று, நடைமுறை. ஆடவன் எங்கும் செல்லலாம். பெண் செல்லத்தக்க இடங்கள் சிலவே. அச் சிலவற்றுள் எது இன்று இயலும் என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே ஆகலின், சுட்டும் உரிமையும் அவளுடையதாயிற்று.

பெண் செல்லத்தக்க இடங்கள் யாவை எனின், அவை பெரும்பாலும் அவள் தொழில் பற்றிச் செல்லும் இடங்களாகவே இருந்தன. குறிஞ்சி மகள் தினைப்புனம் காக்கச் செல்வாள். நெய்தல் மகள் மணற்பரப்பில் உலரும் மீனைப் புள் கவராவண்ணம் காக்கச் செல்வாள். ஆதலின் புனத்தருகும் கானற் சோலையும் பகற்குறிக்கு உரியவாயின. தினை கொய்து முடிந்ததும் குறியிடமும் இல்லையாகிவிடும். அதனாலன்றோ தோழி அப்போது வரைவு கடாவுகின்றாள். கடற்கரைப் புன்னையின் அடர்ந்த நிழலையும் அதன் பூவையும் புலவர் பாடிய அழகை நாம் விரிவாகக் கற்பிக்கிறோம். அப் புன்னையின்கீழ் அவள் எவ்வாறு வர முடிந்தது என்பதை வகுப்பறைகளில் அத்துணை விரிவாகக் கூறுவதில்லை.

இடத்தை மறுக்கும் உரிமைக்கு நற்றிணை 172ஆம் பாட்டு தக்க சான்றாகும். சிறுமியராய் விளையாடியபோது மணலில் அழுத்தி மறந்த புன்னைவிதை முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்த்தனர். அம் மரம் உமக்குத் தங்கை போன்றது, உம்மினும் சிறந்தது என்று அன்னை கூறினாள். அதன் நிழலில் நின்னோடு நகைத்து விளையாட நாணுகின்றோம் என்று தோழி தலைவனிடம் கூறி, வேறு நிழல்களும் உள என்று குறிப்பிடுகின்றாள். இதனை வரைவு கடாதல் எனவும் குறிபெயர்த்தல் எனவும் துறை வகுத்தனர். வெண்மணிப்பூதியார் என்னும் பெண்பாற் புலவர் பாடிய குறுந்தொகை 299ஆம் பாட்டிலும் புன்னை நிழலே கூடற்குறி வாய்த்த இடமாகின்றது.

இரவுக்குறியின் இடர்ப்பாடுகளைப் பரணர் அகநானூறு 122ஆம் பாட்டில் நிரல்படக் கூறினார். ஊர் உறங்கினால் அன்னை உறங்காள்; அன்னை உறங்கினால் காவலர் உறங்கார்; அவரும் அயர்ந்தால் நாய் குரைக்கும்; நிலவு பட்டப்பகல் போல் எறிக்கும்; கூகை குழறும்; கோழி கூவும். இவையெல்லாம் ஒழிந்த ஒருநாள் தலைவன் வந்திலன்! இனி அல்லகுறிப்படுதல் என்பதொன்று உண்டு. தலைவன் செய்யும் ஒலிபோன்ற ஒலி இயற்கையில் நிகழ, அதனைக் குறியென மயங்கித் தலைவி சென்று, அவனைக் காணாது மீள்வாள். கைப்பேசிக் காலத்திலும் இத்துறை வழக்கொழிந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

இவையெல்லாம் புலனெறி வழக்கமே. இவற்றைக் கொண்டு வரலாறு எழுதுதல் தகுமோ என்று வினவுதல் முறையே. இன்ன பெண் இன்ன மரத்தடியில் இன்னானைக் கண்டாள் என்று கொள்ளின் அது பிழை. ஆனால் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. மீன் உணக்கலும் புள் ஓப்புதலும் அன்னையின் காவலும் ஊர் அலரும் உலகியலின. இவற்றுக்குரிய நிலமும் உண்மையில் இருந்த நிலமே. ஐங்குறுநூறு 185, 188 ஆகிய பாட்டுக்கள் கொற்கைத் துறையின் நெய்தற்பூவை உவமையின் சார்பில் நினைக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்புளுசு’ என்னும் கிரேக்க நூல், அங்குத் தண்டனை பெற்றோரைக் கொண்டு முத்துக்குளித்தனர் என்று குறிக்கின்றது. 1968–69இல் அகழ்வாய்வு நிகழ்ந்த அவ்வூர் இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்வாங்கி, தாமிரவருணிக் கழிமுகப் பகுதியில் ஒரு சிற்றூராய் நிற்கின்றது. கொற்கைக்குப் பின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் அத்துறையின் தலைமையைப் பெற்றன.

குறியிடமும் உண்டிக் கடையும் ஒரே காட்சியில் அமைவது சிலப்பதிகாரத்தில். அந்நூலின் காலம்பற்றி அறிஞரிடையே வேறுபாடு உண்டெனினும், அது காட்டும் புகார்க் கடற்கரை நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. கடல் விளையாட்டுக் காண விரும்பி வேண்டியவள் மாதவி. கோவலன் உடன்பட்டுச் செல்கின்றான். இடஞ்சுட்டியவள் ஈண்டும் பெண்ணே என்பது கருதுக. அவன் அத்திரியின்மீதும் அவள் வண்டியிலுமாகக் கடைவீதி கடந்து செல்லும்போது, இரவுக் கடற்கரையில் விளக்குகள் வரிசையாகத் தோன்றுகின்றன. அப்பம் சுடும் கூவியர் விளக்கும், மீன் விற்போர் விளக்கும், பண்டங்களை விலைகூறி விற்கும் மகளிர் விளக்கும் அவற்றுள் அடங்கும். இவ் விளக்கொளியையும் மக்கள் திரளையும் கடந்து, புன்னை நிழற் புதுமணலில் ஓவியத் திரையை வளைத்து இருவரும் அமர்கின்றனர். நகரத்தார் அருகே உளர். இடையில் ஒரு திரை உளது. குரல் கேட்கும் அண்மையில் ஒரு தனிமை என்னும் பழைய வரையறை இங்கு நகர வாழ்க்கைக்கேற்ப உருமாறியுள்ளது. அன்றே கானல்வரிப் பாட்டால் இருவரும் பிரிந்தமை நூல் கற்றார் அறிந்ததே. அப் பிரிவிற்கு இடம் பொறுப்பன்று.

இடைக்காலத்துச் சத்திரங்களும் அறச்சாலைகளும் வழிச்செல்வோர்க்கு உரியன. அவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. விலைக்கு உணவளித்து, அமர்ந்து உண்ண மேசையும் நாற்காலியும் இடும் நகர நிலையம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவியது. அதற்குக் ‘காப்பி கிளப்’ என்றும் ‘கிளப்புக் கடை’ என்றும் பெயர் வழங்கிற்று. ஆங்கிலத்தில் உறுப்பினர் கூடும் மன்றத்தைக் குறித்த சொல், தமிழில் யாவரும் காசு கொடுத்து உண்ணும் கடையைக் குறித்தது. ‘யாவரும்’ என்று எழுதுதல் பொருந்துமோ என்பதே ஐயம். சாதிபற்றி இடம் பிரித்தும், ஒடுக்கப்பட்டோரை உள்ளே விடாதும் நடந்த கடைகள் பல. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனியே இடம் இருந்த முறை, பெரியாரின் நீண்ட எதிர்ப்பிற்குப் பின்னர் 1941இல் நீங்கிற்று. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் நிகழ்ந்த மறியல், பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் ஒரு சொல்லைப் பற்றியது.

சாதித் தடைபற்றிய இவ் வரலாற்றை எழுதினார் உளர். அக் கடைகளில் பெண் அமர்ந்த வரலாறோ அத்துணை எழுதப்படவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, கடை, பொது உணவகம், தங்கும் விடுதி முதலியவற்றிற் புகுவதற்குச் சமயம், இனம், சாதி, பிறப்பிடம் ஆகியவற்றோடு பால் வேறுபாடும் தடையாதல் கூடாது என விதித்தது. சட்டம் கதவைத் திறந்தது. வழக்கமோ உள்ளே ஒரு தடுப்பை இட்டது. ‘குடும்ப அறை’ அல்லது ‘ஃபேமிலி ரூம்’ என்று பலகை தொங்கும் தடுப்பறையும், அதன் வாயிலில் ஆடும் துணித்திரையும் அவ்வாறு எழுந்தன. பொதுக்கூடம் ஆடவர்க்கு, திரைக்குள் பெண்டிர்க்கு என்னும் பிரிவினை அதன் நோக்கம். ஆனால் அத்திரை, குடும்பம் எனப் பெயர் பெறாத இருவர்க்கும் சிற்சில வேளை நிழல் தந்தது. புகார்க் கடற்கரையின் ஓவியத் திரைக்கு இத் துணித்திரையை வழித்தோன்றல் என்று யாம் கூறவில்லை. இரண்டும் ஒரே தேவைக்கு இரு காலத்தார் கண்ட விடைகள் என்பதே எம் கருத்து.

தூத்துக்குடியில் 1948இல் மகளிர்க்கெனத் தூய மரியன்னை கல்லூரி தோன்றிற்று. பின்னர்ப் பெண்கள் கல்விக்கும் அலுவலுக்கும் நாள்தோறும் நகரத்துட் செல்லலாயினர். தினைப்புனமும் மீன் உணங்கலும் செய்த பணியைக் கல்லூரியும் அலுவலகமும் செய்தன. பெண் செல்லுதற்கு உரிய இடங்களின் எல்லை விரிந்தது. எல்லை விரிந்ததேயன்றி அலர் ஒழிந்தது என்று கூறுவதற்கில்லை. வயது வந்த இருவர் தம் துணையைத் தாமே தேர்தல் அவர்தம் அடிப்படை உரிமை என்றும், ஊரவையோ உறவினரோ அதிற் குறுக்கிடல் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. சாதி கடந்து அன்பு செய்தார்க்கு இன்றும் உயிரச்சம் நீங்கவில்லை. ஆகவே, இருவர் அமர ஓர் உணவகம் தேர்வது சுவையும் விலையும் மட்டும் பற்றிய செயலன்று. அறிந்தவர் கண்ணிற் படுமா, இருள் மிகுமுன் வீடு சேரலாமா, வாயிலில் வண்டி கிடைக்குமா என்று அவள் எண்ணும் எண்ணங்கள், பரணர் பாட்டிலுள்ள அன்னையும் காவலரும் நாயும் நிலவும் ஆகியவற்றின் இக்கால வடிவங்களே. அவன் உணவுப் பட்டியலை நோக்குகின்றான். அவள் வாயிலை நோக்குகின்றாள். களஞ்சுட்டு கிளவியை யாருக்கு உரியதாக்குவது என்று இன்று கேட்பினும் விடை மாறாது.

இத் துறைமுக நகரத்திற்குச் சிறப்பாக உரிய வழக்கு ஒன்று எஞ்சியுள்ளது. மாலை தொடங்கி இரவு நெடுநேரம் பரோட்டா விற்கும் கடைகளை ஈண்டு ‘நைட் கிளப்’ என்பர். வெளியூரார் கேட்டு வியப்பர். ஆடலும் மதுவும் அங்கு இல்லை, இருப்பது கல்லும் மாவும் சால்னாவுமே. பழைய ‘கிளப்புக் கடை’யின் சொல் இங்கு இரவோடு சேர்ந்து பிழைத்திருக்கின்றது. இக் கடைகளில் திரை இல்லை, ஓவியம் இல்லை. கல்லின்மீது கரண்டி தட்டும் ஓசையும், தெருவிளக்கின் ஒளியும், உண்போர் பேச்சும் உள. கூவியர் விளக்கைக் கடந்து கோவலன் சென்றான். இவ்வூரில் அவ்விளக்கின் அடியிலேயே இலையிட்டு இருவர்க்கும் பரிமாறுகின்றனர்.