அப்பாவின் பாஸ்புக்கும் மகளின் கையெழுத்தும்

கோவை, ஈரோடு பக்கத்துக் கிளைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் கல்யாண மண்டபத்திலோ கோயில் பொங்கலிலோ யாராவது ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, அப்பா டெபாசிட்டுக்கு நாமினி எம்பேருதானுங்க. அப்போ பணம் எனக்குத்தானுங்களே?"

பணம் உங்கள் கைக்கு வரும். உங்களுக்கே என்று ஆகிவிடாது. இப்படிச் சொன்னால் பலருக்கும் முகம் மாறிவிடுகிறது. இந்த பதில் நேற்று வந்ததல்ல. இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக் கதை இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள், அதிலும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

முதலில் ஒரு விஷயம். வங்கியில் நாம் போடும் பணம் அங்கே பத்திரமாகப் பூட்டி வைக்கப்படுகிறது என்று நினைக்கிறோம். சட்டத்தின் பார்வையில் அது நாம் வங்கிக்குக் கொடுத்த கடன். நாம் கடன் கொடுத்தவர், வங்கி கடன்காரர். கடன் கொடுத்தவர் இறந்துவிட்டால் கடன்காரருக்கு ஒரே பயம்தான். இன்றைக்கு ஒரு மகனிடம் கொடுத்து, நாளைக்கு இன்னொரு மகன் வந்து "எங்கே என் பங்கு?" என்று கேட்டால் இரண்டாவது தடவையும் கொடுக்க வேண்டி வருமே!

இந்தப் பயத்தைப் போக்கத்தான் வெள்ளைக்காரன் 1860-லேயே ஒரு சட்டம் போட்டான். இறந்தவருக்கு வர வேண்டிய கடனை வசூலிக்க வாரிசு கோர்ட்டில் சான்று வாங்கிவர வேண்டும். அந்தச் சான்றைப் பார்த்துப் பணம் கொடுத்தால் கடன்காரர் தப்பித்தார். 1889-ல் அது 'சக்சஷன் சர்டிபிகேட்' சட்டமாக வந்து, 1925-ல் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குள் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. தாசில்தார் ஆபீசில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ் வேறு, இது வேறு. தாசில்தார் கொடுப்பது இன்னின்னார் வாரிசுகள் என்ற பட்டியல். கோர்ட் கொடுப்பது கடனை வசூலிக்கும் அதிகாரம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வந்து கவுன்ட்டரில் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் கொங்கு நாட்டுச் சம்சாரிக்கு இந்தச் சட்டம் வங்கிக்காகத் தேவைப்பட்டது குறைவு. பணம் வங்கியில் இருந்தால்தானே! காட்டிலும், கிணற்றிலும், மாட்டிலும், நகையிலும் இருந்தது. மிச்சம் இருந்தால் பிராமிசரி நோட்டு எழுதி வாங்கிக்கொண்டு வட்டிக்கு விட்டார்கள். கரூர் வைசியா வங்கி 1916-லும் லட்சுமி விலாஸ் வங்கி 1926-லும் கரூரில் தொடங்கின என்றாலும், அவை பெரும்பாலும் வியாபாரிகள் புழங்கிய இடங்கள். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் வங்கியும், 1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கியும் மூழ்கியதைக் கேள்விப்பட்டவர்கள் வங்கி என்றாலே ஒதுங்கினார்கள். 1969 ஜூலை 19-ல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாகி, அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கிளைகள் திறந்தபோதுதான் மஞ்சள் விற்ற பணமும் பருத்தி விற்ற பணமும் பாஸ்புக்கில் ஏற ஆரம்பித்தன.

பணம் உள்ளே வந்தது. போட்டவர்கள் வயதாகி இறக்கவும் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது.

1937-ல் வந்த சட்டம் விதவைக்கு ஒரு பங்கு கொடுத்தது; ஆனால் அது அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கத்தான். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் நிலைமையைத் தலைகீழாக்கியது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சரிபங்கு. மகள் கட்டிக்கொடுத்தவளா இல்லையா என்ற பேச்சே அதில் கிடையாது. ஆனால் நம் ஊர்க் காடு தோட்டங்களில் இந்தச் சட்டம் இறங்கி வரவில்லை. நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அதோடு பொறந்த வீட்டுக் கணக்கு முடிந்தது என்பதுதான் வழக்கம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் பெயர் மட்டும் இருக்கும்.

வங்கிப் பாரத்தில் அப்படி முடியாது. வங்கிக்குத் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம். மணியகாரரும் கணக்குப்பிள்ளையும் விசாரித்துச் சொன்னதை வைத்துத் தாசில்தார் கொடுத்த பட்டியலில் மகள்கள் பெயரும் இருக்கும். பல குடும்பங்களில் மகளை வாரிசு என்று எழுதிய முதல் காகிதம் இந்த வங்கிப் பாரம்தான் என்று நான் நம்புகிறேன். பெண்ணுரிமைக்காக வங்கி செய்த காரியமல்ல, பயத்தில் செய்தது. ஆனாலும் செய்தது.

எண்பதுகளின் தொடக்கம். கோபி பக்கத்தில் ஒரு கிளையில் இருந்தேன். மஞ்சள் விற்று டெபாசிட் போட்டிருந்த பெரியவர் ஒருவர் காலமாகி, கருமாதி முடிந்து இரண்டு மகன்களும் வந்தார்கள். பாரத்தைப் பார்த்ததும் மூத்தவர், "தங்கச்சி கையெழுத்து எதுக்குங்க? அதுக்குத்தான் அம்பது பவுன் போட்டுச் சீரெல்லாம் செஞ்சாச்சுங்களே" என்றார். எங்கள் மேனேஜர் தஞ்சாவூர்க்காரர். "சீர்க் கணக்கு உங்க வீட்டு நோட்டுல இருக்குங்க. எனக்கு இந்தப் பாரம்தான்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் காங்கேயத்திலிருந்து அந்தத் தங்கை வந்தார். எட்டாவதுவரை படித்தவர். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவர் அவசரப்படாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். "இதுல எனக்கும் பங்குன்னு போட்டிருக்குதுங்களே" என்றார். அண்ணன்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். "ஆமாங்கம்மா, சரிபங்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் பங்கையும் அண்ணன்களுக்கே கொடுத்துவிடச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: "நாளைக்கு எம்புள்ளைக்கு மாமன் சீருக்கு இவங்கதானுங்க வரோணும்."

அந்தக் கையெழுத்தும் அவர் இஷ்டப்பட்டுப் போட்டதுதான் என்று சட்டம் சொல்லும். எனக்கு இன்னும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால், விட்டுக்கொடுக்கத் தனக்கு ஒன்று இருந்தது என்பதாவது அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

இதைத்தான் நாமினி வந்து மாற்றிவிட்டது. இன்ஷூரன்ஸில் 1938 சட்டத்திலிருந்தே நியமனம் உண்டு. வங்கிகளுக்கு 1983-ல் திருத்தச் சட்டம் கொண்டுவந்து, 1985 மார்ச் கடைசியில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. டி.ஏ.1 என்ற பாரம். அதை நிரப்பி வாங்கச் சொல்லி எங்களைத் துரத்தினார்கள். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. கோர்ட்டுக்கு அலையாமல், வக்கீலுக்கும் முத்திரைக்கும் செலவழிக்காமல், இறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டி எத்தனையோ விதவைகள் பணம் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஆனால் நம் பக்கத்து டி.ஏ.1-களில் எழுதப்பட்ட பெயர் பெரும்பாலும் மூத்த மகனுடையது. நாமினி இருந்தால் மற்ற வாரிசுகளின் கையெழுத்து வங்கிக்கு வேண்டியதில்லை. மகள் பாரத்திலிருந்து மறைந்தாள்.

பாரத்திலிருந்துதான் மறைந்தாள், பங்கிலிருந்து அல்ல. நாமினியிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்லும் அதே சட்டப்பிரிவு, நாமினியிடம் மற்றவர்கள் தங்கள் உரிமையைக் கேட்பதற்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. இன்ஷூரன்ஸ் பணத்தில் நாமினி வாங்கிக் கொடுக்கும் கை மட்டுமே, சொந்தக்காரர் அல்ல என்று 1983 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வங்கி டெபாசிட்டுக்கும் அப்படித்தான் என்று 2010-ல் சொன்னது. கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று மனைவி பெயரையும் சேர்த்துப் போட்ட காரணத்தாலேயே கணவரின் பணம் மனைவிக்குத் தானமாகிவிடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1928-லேயே தீர்த்துவிட்டது. உயிரோடிருப்பவர் பணத்தை எடுக்கலாம். அது யாருடையது என்பது வாரிசுச் சட்டத்தின் வேலை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "1989-க்கு முன்னால கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லீங்களே" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தது தமிழ்நாட்டுச் சட்டம். அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களை அது விட்டுவிட்டது உண்மை. 2005 செப்டம்பரில் வந்த மத்தியச் சட்டத்தில் அந்தக் கல்யாணத் தேதி வரம்பு இல்லை. ஆனால் இதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சம்பாதித்துப் போட்ட டெபாசிட்டில், மகளுக்குக் கல்யாணம் 1960-ல் ஆகியிருந்தாலும் 1956 சட்டப்படி பங்கு பங்குதான். இன்னொன்று: மகன் முந்திப் போய்விட்டால் தாய்க்கு மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சரிபங்கு உண்டு. தகப்பனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விதிகள் வேறு.)

சரி, வரவு இருக்கட்டும், கடன்? இப்போது இறந்தவர் பர்சில் கிரெடிட் கார்டும் இருக்கிறது. இந்தியாவுக்கு இது 1980-ல் வந்தது. நம் பக்கம் புழங்கியது ரொம்பப் பின்னால். கார்டு பாக்கிக்காக மகனுக்குப் போன் மேல் போன் போட்டு மிரட்டுகிறார்கள் என்று புலம்பியவர்கள் உண்டு. அப்பன் கடனை மகன் அடைப்பது தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கை, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று மூன்று தலைமுறையைப் பிடித்துவைத்திருந்தது. 2005 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தால் யாரையும் பிடிக்க முடியாது. இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து கார்டு கம்பெனி கேட்கலாம். அதற்கு மேல் மகன் தன் கைப்பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, அவர் ஜாமீன் போட்டிருந்தால் தவிர. ஆகவே முதல் வேலை, இறப்புச் சான்றிதழோடு எழுத்தில் தெரிவித்துக் கார்டை மூடச் சொல்வது. கூடுதல் கார்டு வாங்கி வைத்திருக்கும் மனைவி அதைத் தேய்க்கக் கூடாது. அதே மாதிரி அப்பாவின் ஏ.டி.எம். கார்டில் ரகசிய எண் தெரியும் என்பதற்காகக் காரியச் செலவுக்குப் பணம் எடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். செய்யாதீர்கள். இறந்த பிறகு ஏறிய பென்ஷனை எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டி வரும். பங்காளிச் சண்டையிலும் முதலில் அதைத்தான் கிளப்புவார்கள்.

பழைய பாஸ்புக் பெட்டியில் கிடைத்தால், வங்கியே இல்லை என்று தூக்கிப் போட வேண்டாம். லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் டி.பி.எஸ்.ஸில் சேர்ந்தது. சிண்டிகேட் கனராவுக்குப் போனது, விஜயா பரோடாவுக்கு, ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியனுக்கு. பத்து வருஷம் யாரும் கேட்காத பணம் 2014 முதல் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போகிறது. ஆனால் வாரிசு வந்து கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'உத்கம்' தளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். பேரன் பேத்திகளிடம் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை.

கடைசியாக வந்த மாற்றம்: 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நாமினி இல்லாத கணக்குகளிலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லாமல் தொகை 15 லட்சத்துக்குள் இருந்தால் (கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம்) கோர்ட் சான்று கேட்காமல், காகிதங்கள் எல்லாம் கிடைத்த 15 நாளில் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டது. வங்கிகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 மார்ச் 31 வரை கெடு வைத்தது.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் வீதியில் ஒரு நண்பர் பாரத்தோடு வந்தார். "மகனுக்குத் தொண்ணூறு, மகளுக்குப் பத்துன்னு போட்டுக்கலாமுங்களா?" என்றார். போடலாம், பாரம் ஏற்றுக்கொள்ளும், வங்கியும் அப்படியே கொடுக்கும் என்றேன். ஆனால் மீதிப் பங்கை அண்ணனிடம் கேட்க அந்தப் பெண்ணுக்கு உரிமை அப்படியேதான் இருக்கும்; தொண்ணூறு பத்து என்றே நிற்க வேண்டுமானால் உயில் எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போடுங்கள், அதில் உங்கள் சம்சாரத்துக்கு என்ன என்பதையும் எழுதுங்கள் என்றேன். அவர் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேனுங்க என்று கிளம்பினார்.