விலைவாசிக்கு மரண தண்டனை

கி.பி. 260-ல் எகிப்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அப்போது ரோமப் பேரரசின் கீழ் இருந்த ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில், காசு மாற்றித் தரும் வங்கிக்காரர்கள் கடைகளை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். திருட்டு பயமோ கலவரமோ காரணம் இல்லை. சக்ரவர்த்தியின் காசை வாங்க அவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான்! உடனே அந்தப் பகுதி அதிகாரி உத்தரவு போட்டார். கடையைத் திறக்க வேண்டும், கள்ளக் காசைத் தவிர எல்லாக் காசையும் வாங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் தண்டனை. அந்த உத்தரவு எழுதிய பாப்பிரஸ் தாள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டது.

அரசாங்கத்தின் காசை அதன் குடிமக்களே தொட மறுக்கும் நிலை எப்படி வந்தது?

அகஸ்டஸ் காலத்தில் டெனாரியஸ் என்ற காசு கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64-ல் நீரோ அதன் எடையையும் வெள்ளியின் அளவையும் கொஞ்சம் குறைத்தார். (இதைத் தமிழக வியாபாரிகளும் கவனித்திருப்பார்கள் போலும். கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பகுதி அதற்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான். மிளகு விற்றவனுக்கு ராஜாவின் முகமா முக்கியம்? வெள்ளிதான் முக்கியம்!)

கொஞ்சம் குறைத்து ருசி கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? பின்னால் வந்தவர்களும் குறைத்துக்கொண்டே போனார்கள். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் பாதி வெள்ளி, பாதி செம்பு. கி.பி. 270 வாக்கில் வெள்ளிக் காசு என்று பெயர் பெற்றதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்பின் மேல் ஒரு வெள்ளிப் பூச்சு, அதுவும் கை பட்டால் தேயும். இதற்கெல்லாம் முக்கியக் காரணம் ராணுவச் சம்பளம். 235 முதல் 284 வரை இருபதுக்கும் மேற்பட்ட சக்ரவர்த்திகள் வந்து போனார்கள். பெரும்பாலோரை ஏற்றியதும் இறக்கியதும் படைதான். சம்பளத்தைக் கூட்டாதவர் தலை தப்பாது. கூட்ட வெள்ளி இல்லை. இருக்கிற வெள்ளியை இன்னும் அதிகக் காசுகளாக அடி!

284-ல் டையோக்ளீஷியன் வந்தார். டால்மேஷியாவில் எளிய குடும்பத்தில் பிறந்து ராணுவத்தில் உயர்ந்தவர். ஆட்சியை நான்கு பேருக்குப் பிரித்தார். மாகாணங்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, அவற்றைப் பன்னிரண்டு 'டயோசிஸ்'களாகத் தொகுத்தார். பேரரசு போனாலும் அந்தச் சொல் போகவில்லை. கத்தோலிக்க ஆயர்களின் மறைமாவட்டங்களுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதே பெயர்தான். நிலத்தையும் ஆட்களையும் கணக்கெடுத்து, இந்த வருடம் இவ்வளவு வரி என்று முன்கூட்டியே அறிவிக்கும் முறையையும் கொண்டுவந்தார். பட்ஜெட் என்ற யோசனைக்கு அதைத் தாத்தா என்று சொன்னால் தப்பில்லை. அவருடைய நல்ல வேலை அதுதான். ஆனால் உலகம் அவரை நினைவு வைத்திருப்பது 301-ல் செய்த காரியத்துக்காக.

அந்த வருடம் செப்டம்பரில் சில காசுகளின் மதிப்பை ஒரே உத்தரவில் இரட்டிப்பாக்கினார். கையில் இருக்கும் காசு அதேதான், இன்று முதல் அது இரண்டு மடங்கு! வியாபாரிகள் என்ன செய்வார்கள்? விலையை ஏற்றினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த உத்தரவு வந்தது. அதுதான் புகழ்பெற்ற உச்சவரம்பு விலைச் சட்டம். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், வேலைகளுக்கு அதிகபட்ச விலை. மீறினால் மரண தண்டனை. அதிக விலைக்கு வாங்கினவனுக்கும் அதே தண்டனை, சரக்கைப் பதுக்கினவனுக்கும் அதே தண்டனை.

அந்தப் பட்டியலைப் படிப்பது தனி சுவாரஸ்யம். விவசாயக் கூலிக்குச் சாப்பாட்டோடு நாளுக்கு 25 டெனாரியஸ். தச்சருக்கு 50. முடிதிருத்துபவருக்கு ஒரு தலைக்கு 2. எழுத்துச் சொல்லித்தரும் வாத்தியாருக்கு ஒரு பையனுக்கு மாதம் 50. வழக்கை வாதாடும் வக்கீலுக்கோ 1000! கணக்குப் போட்டுப் பாருங்கள். வாத்தியாருக்குப் பதினைந்து பையன்கள் கிடைத்தால்தான் விவசாயக் கூலியின் வருமானம் வரும், அதுவும் சாப்பாடு இல்லாமல். ஒரு ராத்தல், அதாவது சுமார் 325 கிராம் தங்கத்துக்கு 72,000 டெனாரியஸ். கூலிக்காரர் ஒரு பைசா செலவு செய்யாமல் சேர்த்தால் ஏறத்தாழ எட்டு வருடம்.

சட்டத்தின் முன்னுரை பழி முழுவதையும் வியாபாரிகளின் பேராசை மீது போடுகிறது. படைவீரன் ஒரே ஒரு பொருளை வாங்குவதற்குள் அவனுடைய சம்பளமே போய்விடுகிறது என்று புலம்புகிறது. காசை நாசமாக்கியது யார் என்ற கேள்வி மட்டும் அதில் எங்கும் இல்லை.

அப்புறம் நடந்ததை லாக்டான்ஷியஸ் எழுதியிருக்கிறார். அற்பப் பொருள்களுக்காக ரத்தம் சிந்தியதாம், பயத்தில் சந்தைக்குச் சரக்கே வரவில்லையாம், விலை முன்னைவிட ஏறியதாம், கடைசியில் சட்டம் கைவிடப்பட்டதாம். இவர் கிறிஸ்தவர். 303-ல் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்த ஆரம்பித்த டையோக்ளீஷியன் மீது இவருக்கு இருந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் கதையின் சாரம் உண்மைதான் என்று தோன்றுகிறது. 2007-ல் ஜிம்பாப்வே அரசாங்கம் விலைகளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னபோதும் கடைகளின் அலமாரிகள் அப்படித்தானே காலியாயின! சட்டம் கல்லில் வெட்டப்பட்டதால் அது மட்டும் பிழைத்துக்கொண்டது. துருக்கியில் ஸ்ட்ராட்டோனிகேயா என்ற பழைய நகரத்தின் மன்றச் சுவரில் அந்த எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.

305-ல் டையோக்ளீஷியன் தானாகவே பதவி விலகி, குரோஷியாவின் ஸ்ப்ளிட்டில் கட்டிய அரண்மனைக்குப் போய்விட்டார். அதன் சுவர்களுக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

அவர் தோற்ற இடத்தில் ஜெயித்தவர் கான்ஸ்டன்டைன். அவர் விலையைத் தொடவே இல்லை, காசைப் பிடித்தார். ஒரு ராத்தல் தங்கத்துக்குச் சரியாக 72 காசு, காசுக்கு சுமார் நாலரை கிராம். பெயர் சொலிடஸ். 'உறுதியானது' என்று அர்த்தம். உண்மையிலேயே உறுதியாகத்தான் நின்றது. மேற்கு ரோமப் பேரரசு 476-ல் விழுந்த பிறகும் கிழக்கே கான்ஸ்டான்டிநோப்பிளில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றாம் நூற்றாண்டு வரை, அதாவது சுமார் எழுநூறு வருடம், அதன் தங்கத்தில் பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் கலீபா அப்துல் மாலிக் தங்க தினார் அடித்தபோது அவர் முன் இருந்த மாதிரி இந்த சொலிடஸ்தான். தினார் என்ற பெயரோ பழைய டெனாரியஸிலிருந்து வந்தது. பிரெஞ்சு 'சூ', சிப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'சோல்ஜர்', எல்லாம் சொலிடஸின் பேரப்பிள்ளைகள். பிரிட்டனில் 1971 வரை பென்னிக்கு 'டி' என்று சுருக்கி எழுதினார்களே, அந்த 'டி' டெனாரியஸின் முதல் எழுத்து.

இந்தப் பெருமையோடு பாடப்புத்தகம் முடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்பது வேறு கதை.

ஒரு பகுதி பழைய கோயில்களின் பொக்கிஷம். இன்னொரு பகுதி வரி. சின்ன வியாபாரி, கைத்தொழில் செய்பவர் எல்லோரும் சில வருடங்களுக்கு ஒருமுறை பொன்னாகவோ வெள்ளியாகவோ செலுத்த வேண்டும் என்று கான்ஸ்டன்டைன் புது வரி போட்டார். இந்த வரிக்காகப் பிள்ளைகளை விற்ற தாய்மார்கள் உண்டு என்கிறார் ஜோசிமஸ் என்ற சரித்திரக்காரர். (இவர் பழைய மதத்தைச் சேர்ந்தவர், கான்ஸ்டன்டைன் மீது கோபம் உள்ளவர். இங்கேயும் கொஞ்சம் தள்ளுபடி தேவை.) ஏழைகள் அன்றாடம் புழங்கிய செப்புக் காசு மட்டும் பழையபடி சரிந்துகொண்டே போனது. அதே நூற்றாண்டில் எகிப்தில் ஒரு சொலிடஸுக்கு லட்சக்கணக்கில் டெனாரியஸ் எண்ண வேண்டியிருந்தது. சம்பளம் தங்கத்தில் வாங்கிய அதிகாரிக்குப் பணவீக்கம் இல்லை. கூலியைச் செம்பில் வாங்கியவனுக்கு முழுப் பணவீக்கமும்.

வரி ஒழுங்காக வர வேண்டுமானால் ஆள் ஓடக் கூடாது அல்லவா? 332-ல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டத்தின்படி, 'கொலோனஸ்' என்ற குத்தகை விவசாயி இன்னொருவர் நிலத்தில் அகப்பட்டால் அடைக்கலம் கொடுத்தவர் அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவனுக்கான வரியையும் கட்ட வேண்டும். ஓடப் பார்க்கிறவனுக்குச் சங்கிலி போடலாம். அவன் அடிமை அல்ல, சட்டப்படி சுதந்திர மனிதன்! ரொட்டி சுடுபவன் மகன் ரொட்டி சுட வேண்டும், படைவீரன் மகன் படையில் சேர வேண்டும் என்ற சட்டங்களும் அந்தக் காலத்தில் வந்தவைதான்.

வியாபாரிகள் மீதான அந்தத் தங்க வரியை 498-ல் சக்ரவர்த்தி அனஸ்டாசியஸ் ரத்து செய்தார். இன்று துருக்கியில் இருக்கும் எடெஸ்ஸா நகரம் மட்டுமே நாலு வருடத்துக்கு ஒருமுறை 140 ராத்தல் தங்கம் கட்டிக்கொண்டிருந்ததாம். செய்தி வந்ததும் ஊரே வெள்ளை உடை உடுத்தி, மெழுகுவத்தியும் சாம்பிராணியும் ஏந்தி ஊர்வலம் போனது என்று அந்தக் காலத்து சிரியாக் வரலாறு ஒன்று சொல்கிறது. நிலத்தோடு கட்டப்பட்ட விவசாயிக்கு அன்றும் விடுதலை கிடைக்கவில்லை.