காலச்சுழல் விளையாட்டு

காலச்சுழல் விளையாட்டு என்பது, கதையின் நாயகர் ஒரே நாளையோ சில நிமிடங்களையோ திரும்பத் திரும்ப வாழ நேரும் கணினி விளையாட்டு வகை. இளையோர் இதை டைம் லூப் கேம் என்பர். சுழல் முடிந்ததும் எல்லாம் தொடக்கத்துக்கே போய்விடும். நாயகரின் நினைவு மட்டும் அழியாது. சிறு குழுக்கள் சொந்த முயற்சியில் உருவாக்கும் இண்டி விளையாட்டுகளில், மனத்தை உருக்கும் கதைகளுக்கு இவ்வகை பெயர்பெற்றது.

வரலாறு

1993இல் வெளிவந்த கிரவுண்ட்ஹாக் டே திரைப்படம் இக்கருவைப் பரவலாக்கியது. 2000இல் நிண்டெண்டோவின் மஜோராஸ் மாஸ்க், நிலவு விழுவதற்கு முந்தைய மூன்று நாள்களைச் சுழலாக்கியது. 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸில் சுழலின் நீளம் 22 நிமிடம். தமிழ்த் திரையில் இதே கருவைக் கொண்ட ஜாங்கோ, மாநாடு ஆகிய இரண்டும் 2021 நவம்பரில் வெளிவந்தன. மாநாட்டில் வில்லனும் சுழலுக்குள் அகப்படுவது கதையை விறுவிறுப்பாக்கியது.

இன் ஸ்டார்ஸ் அண்ட் டைம்

2023 நவம்பரில் வெளிவந்த கறுப்பு வெள்ளை விளையாட்டு இது. நாட்டையே காலத்தில் உறையவைக்கும் அரசனை எதிர்க்கச் சென்ற குழுவின் நெடும்பயணம், கடைசிக் கட்டத்தை எட்டும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. குழுவில் ஒருவரான சிஃப்ரின், இறக்கும்போதெல்லாம் ஒரே புல்வெளியில் கண்விழிக்கிறார். நண்பர்கள் முன்பு சொன்னதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். சிஃப்ரினுக்கோ அடுத்த சொல் என்னவென்று முன்பே தெரியும். அன்பான பேச்சு மெல்ல மெல்ல மனப்பாடம் செய்த வசனமாகிவிடும் அந்த வலியை, ஆடுபவரும் தம் சலிப்பின் வழியே உணர்கிறார். இந்த விளையாட்டின் வலிமை இதுவே.

ஈர்ப்பு

மலேசியாவின் வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழருக்கு, ஒரே நாள் திரும்பி வருவது பழகிய அனுபவம். கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரப் பால்மரத் (ரப்பர்) தோட்டங்களில் அன்று விடியுமுன் பெரட்டு எனும் வருகைக் கணக்கெடுப்பு. பிறகு அதே நிரை, அதே மரங்கள், பால் வடியும் அதே மங்குகள். ஆனால் கத்தி ஒருமுறை சீவிய இடத்தை மறுமுறை சீவுவதில்லை. முன்வெட்டின் ஓரத்தில் மெல்லிய பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்தில் காயம்; குறைந்தால் பால் சுரக்காது. அந்த அளவை வெட்டுபவரின் கையே நினைவில் வைத்திருக்கும். காலச்சுழல் விளையாட்டில் தேர்ச்சி என்பதும் இதுதான். உலகம் மாறாது; ஆடுபவர் மாறுவார்.

அந்தத் தோட்ட வாழ்வும் நிலைக்கவில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஹென்றி ஃபோகோனியே 1917இல் அமைத்ததும் இவ்வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். பின்னாளில் பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டது. பல குடும்பங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தைவிட்டுப் பட்டணம் போயின. அப்படிப் போனவர்களுக்கு, லயத்து வாசலில் கழிந்த சாதாரணமான ஒரு நாள் மறுபடி கிடைக்காதா என்ற ஏக்கம் உண்டு. காலச்சுழல் கதை அந்த நாளைத் திருப்பித் தருகிறது; அதிலேயே தங்கிவிட மட்டும் விடுவதில்லை. சிஃப்ரினைப் பிடித்துவைத்த சுழலின் வேரும் நண்பர்களைப் பிரிய மனமில்லாத ஆசைதான். அதை அவர்களிடமே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மறுநாள் விடிகிறது.