வாய்க்காலும் சத்துணவும்

கம்பம் பள்ளத்தாக்கில் அரசுச் செலவு என்றதும் எல்லோருக்கும் பென்னிகுவிக் நினைவுக்கு வருவார். தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) மதுரைச் சீமை மடிந்த பிறகு, 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. இன்று லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம். அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள், வைக்கட்டும். அந்தச் செலவு வளர்ச்சியைத் தந்ததை நாம் மறுக்கவில்லை.

ஆனால் வாய்க்கால் நீர் பட்டா உள்ளவன் வயலுக்குத்தான் பாயும். அந்த நீர் வருவதற்கு மூன்றாண்டு முன்பு, 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாக, சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் தர ஆணையிட்டது. தந்தது தரிசு, ஆயக்கட்டு நன்செய் அல்ல. அந்தப் பஞ்சமி நிலத்தைத்தான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இரண்டாம் போகம் நம்மில் பெரும்பாலோருக்கு இன்னொரு நடவுக் கூலியாகவே வந்தது. அதுவும் போதாமல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் இன்றும் விடியலில் கம்பம்மெட்டு ஏறுகின்றன.

நம் பிள்ளைகளை நேராக வந்தடைந்த செலவு சோறுதான். 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. கருவூலம் தாங்காது என்றார்கள் அப்போது. அணைக்குப் போட்டால் முதலீடு, சேரிப் பிள்ளையின் தட்டில் போட்டால் தானம்! இப்படிக் கணக்கெழுதிய கை நடவு நட்ட கையல்ல.

2004இல் பீட்டர் லிண்டர்ட் என்ற அமெரிக்க வரலாற்றாளர், பெரும்பாலும் பணக்கார நாடுகளின் இருநூறு ஆண்டுக் கணக்கைப் புரட்டி, சமூகநலச் செலவால் வளர்ச்சி குன்றவில்லை என்று எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'இலவச மதிய உணவுப் புதிர்'. நமக்கு இதில் புதிர் எதுவுமில்லை. மதியம் சோறு உண்டு என்பதால் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போன அக்காக்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியரானார்கள். அந்தச் சம்பளத்தில் எழுந்த காரைவீடும் வளர்ச்சிக் கணக்கில் சேரும்தானே?

சோறும் சாதியைத் தாண்டிவிடவில்லை. நம் பெண்கள் சமைத்தால் பிள்ளையை உண்ண விடாத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கச் சொன்ன சிறப்புக் கூறுத் திட்டம் 1979–80இல் வந்தது. அதன் பணம் பல ஆண்டுகள் வேறு செலவுகளுக்குப் போனது. தமிழ்நாட்டில் அதற்கொரு சட்டம் வர 2024 ஆயிற்று. அந்தச் சட்டத்தின்கீழ் இந்தப் பள்ளத்தாக்கின் ஆதிதிராவிடர் விடுதிகளுக்கு எவ்வளவு வந்தது என்று ஆண்டுதோறும் கேட்டு வாங்கி, இதே மேடையில் படிக்க வேண்டும்.