சாட்ஜிபிடிக்குப் பிரதமரைத் தெரியாத வாரம்

2022 நவம்பர் 24. டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் நாட்டின் 10ஆவது பிரதமராகப் பதவியேற்றார். ஆறே நாள்தான். நவம்பர் 30ஆம் தேதி ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்த வாரம் நீங்கள் அதனிடம் "மலேசியப் பிரதமர் யார்?" என்று கேட்டிருந்தால், அன்வார் என்று அது தெரிந்து சொல்லியிருக்க வழியே இல்லை. அது படித்த பாடம் 2021ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. அந்த ஓராண்டில் மட்டுமே நமக்கு இரண்டு பிரதமர்கள். ஆகஸ்டு வரை முஹிடின் யாசின், பிறகு இஸ்மாயில் சப்ரி.

"அது பழைய கதை சார், இப்போ எல்லாம் அதுவே இணையத்தில் தேடிச் சொல்கிறதே" என்பீர்கள். சரிதான். ஆனால் அது எப்படித் தேடப் பழகியது என்று தெரிந்தால்தான், எந்தப் பதிலைத் தேடிச் சொன்னது, எந்தப் பதிலைப் பழைய நினைவிலிருந்து சொன்னது என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியும். நடப்பு விவகாரக் கட்டுரை எழுதும் மாணவருக்கு மதிப்பெண் போவதும் வருவதும் அந்த இடத்தில்தான்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பேசும் இயந்திரமும் தேடும் இயந்திரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பேசுகிற வகை மூத்தது. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். உலக விஷயம் எதுவும் அதற்குத் தெரியாது. தேடும் வகை 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆலன் எம்டேஜ் உருவாக்கிய 'ஆர்ச்சி' கோப்புகளின் பெயர்களை மட்டும் தேடியது. 1995இல் ஆல்டாவிஸ்டா பக்கங்களின் உள்ளே இருந்த சொற்களையே தேடியது. 1998இல் வந்த கூகல், ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் எத்தனை இணைப்புக் கொடுக்கின்றன என்பதை ஓட்டு மாதிரி எண்ணி வரிசைப்படுத்தியது. தேடுபொறி அப்போதெல்லாம் முகவரியைக் காட்டியதோடு சரி. படித்து முடிவு செய்வது நம் வேலையாக இருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் வேலை 2020இல் சூடுபிடித்தது. அந்த ஆண்டு ஃபேஸ்புக் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு, முதலில் தொடர்புடைய பகுதிகளை எடுத்து வா, பிறகு அதை வைத்துப் பதில் எழுது என்ற வழியைக் காட்டியது. 2021 டிசம்பரில் ஓப்பன்ஏஐ 'வெப்ஜிபிடி' என்ற சோதனையை வெளியிட்டது. அது இணையப் பக்கங்களைத் தேடி, ஆதாரம் காட்டிப் பதில் எழுதப் பழக்கப்பட்டது. நம் பள்ளிப் பேச்சில் சொன்னால், இது புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. உங்கள் கேள்வியை அது தேடல் சொற்களாக மாற்றுகிறது. சில பக்கங்களை எடுக்கிறது. அவற்றிலிருந்து சில பத்திகளைக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறது. எடுத்த பக்கம் தப்பு என்றால், எழுதும் பதிலும் அழகான தமிழில் தப்பாகவே வரும்.

2023 பிப்ரவரிதான் வேடிக்கை நிறைந்த மாதம். 6ஆம் தேதி கூகல் 'பார்ட்' என்ற உரையாடியை அறிவித்தது. அதன் விளம்பரத்திலேயே ஒரு பிழை: நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படமெடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று வந்தது. அப்படிப்பட்ட படம் 2004லேயே சிலியில் உள்ள தொலைநோக்கியால் எடுக்கப்பட்டாயிற்று. பிழை வெளியே தெரிந்த ஒரே நாளில் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் சந்தை மதிப்பு ஏறக்குறைய 10,000 கோடி டாலர் இறங்கியது. ஒரு வரிக்கு இவ்வளவு அபராதமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? 7ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் 'பிங்' தேடுபொறியோடு உரையாடியைச் சேர்த்தது. அது இணையத்தைத் தேடவே கட்டப்பட்டது. அப்படியிருந்தும், அவதார் இரண்டாம் பாகம் எங்கே ஓடுகிறது என்று கேட்டவரிடம், இப்போது 2022தான், படம் இன்னும் வரவில்லை என்று அடம்பிடித்த உரையாடல் உலகம் முழுக்கச் சுற்றியது. புத்தகம் திறந்திருக்கிறது, ஆனால் பழைய மனப்பாடம் விட்டுக்கொடுக்கவில்லை!

சாட்ஜிபிடிக்கு அதே ஆண்டு மார்ச்சில் தேடும் வசதி சோதனையாக வந்தது. கட்டணம் கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளையும் சில நேரம் முழுதாகக் காட்டியதால், ஜூலையில் நிறுத்தினார்கள். செப்டம்பரில் திரும்பியது. 2024 அக்டோபர் 31இல் தனித் தேடல் வசதியாக வளர்ந்தது.

தேடினால் போதுமா? 2024 மே மாதம் கூகல் தன் தேடல் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைப் போடத் தொடங்கியது. பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லையே என்று கேட்டவருக்குக் கொஞ்சம் பசை சேர்க்கச் சொன்னது அது. அது கற்பனையும் செய்யவில்லை. பத்தாண்டுக்கு முன் யாரோ இணையத்தில் விளையாட்டாக எழுதியதைக் கண்டெடுத்து, சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டது. கண்டெடுப்பது வேறு, எடைபோடுவது வேறு.

நமக்கு நெருக்கமான ஒன்றைப் பாருங்கள். 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது. அடுத்த ஆண்டே பி.டி.3 போனது. ஆனால் அந்தத் தேர்வுகளுக்கான பயிற்சித் தாள்களும் குறிப்புகளும் இணையத்திலிருந்து ரத்தாகவில்லை. ஆறாம் ஆண்டுத் தேர்வைப் பற்றிக் கேட்டால் பொருந்தி வரும் பக்கங்களில் பல அந்தக் காலத்தவை. தேதி பார்க்காமல் எடுத்தால், இல்லாத தேர்வுக்கு உங்கள் பிள்ளை தயாராவான்.

தமிழில் கேட்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களின் நடுவிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. 1997இல் தமிழ் இணையத்துக்கென்று அங்கே மாநாடும் நடந்தது. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். ஒருங்குறி பரவிய பிறகும் பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கோப்புகள் நிறையக் கிடக்கின்றன. நம் கண்ணுக்கு அவை தமிழ். தேடும் இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ்ப் பக்கம் கிடைக்காதபோது அது ஆங்கிலப் பக்கத்தைப் படித்து மொழிபெயர்த்துத் தரலாம். அப்போது கிள்ளான் 'கிளாங்' ஆகிவிடும், கல்வி அமைச்சு 'கல்வித் துறை' ஆகிவிடும். தாள் திருத்தும் ஆசிரியருக்கு இந்த வாசனை உடனே தெரிந்துவிடும்.

வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். "தற்போதைய மாமன்னர் யார், எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்கச் சொல்லுங்கள். முதலில் தேடாமல், பிறகு இணையத்தில் தேடி. இரண்டாவது பதிலில் உள்ள இணைப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தின் தேதியை நோட்டில் குறிக்க வேண்டும். இணைப்பே இல்லையென்றால் அதையும் குறிக்க வேண்டும். சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31இல் 17ஆவது மாமன்னராகப் பதவியேற்றார். தவணை ஐந்தாண்டு. 2029இல் அடுத்த வகுப்புக்கும் இதே கேள்வி உதவும்.